கன்னத்தில் வாழைக்கறை

என் அக்காவுக்கு என்னைவிட ஏழு நிமிடம்தான் வயது அதிகம். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே மூக்கு, வலது புருவம் முடியும் இடத்தில் ஒரே சுழி. பள்ளிக்கூடத்தில் அவள் செய்த தப்புக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன், நான் செய்ததற்கு அவள் வாங்கியிருக்கிறாள். அக்கா என்று அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஏழு நிமிடத்துக்கெல்லாம் என்ன மரியாதை? எனக்கு அவள் ‘ஏட்டி’, அவளுக்கு நானும் ‘ஏட்டி’. சின்ன வயதிலிருந்தே நாங்கள் அடித்துக்கொள்வோம். முடியைப் பிடித்து இழுப்போம், கடிப்போம், பிறாண்டுவோம். ஐம்பத்திரண்டு வயதிலும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை.

போன வருடம் சித்திரையில் நாங்குநேரியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். பகல் இரண்டு மணி. உள்ளே நிற்கவே இடமில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் எழுந்து, என் அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

“ஒங்க அம்மைய இங்கன உக்கார வையிங்கம்மா. வயசான மனுசி, எம்புட்டு நேரம் நிப்பாவ?”

யாருடைய அம்மை என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பஸ்ஸின் தகரம்தான் இருந்தது. எங்கள் அம்மை செத்துப் பதினாறு வருடம் ஆகிறது. அவன் கை என்னைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனதோடு இடம் கொடுத்த ஆள்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தாம்பூலப் பைக்குள் தேங்காய் இருந்தது. பையைச் சுழற்றி அவன் தோளில் ஒரே போடு போட்டேன்.

“யாருவே அம்மை? யாருக்கு யாருவே அம்மை?”

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தான். பஸ் முழுக்கத் திரும்பியது. நான் அடுத்த போடு போடப் போகும்போது பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் அக்கா, முந்தானையை வாயில் வைத்து அடக்க முடியாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளை விட்டுவிட்டு அவள் கன்னத்தில் ஒன்று கொடுத்தேன். அவள் சும்மா இருப்பாளா? திருப்பி இரண்டு கொடுத்தாள். கல்யாணத்துக்கு வைத்த பூவெல்லாம் பஸ்ஸின் தரையில் கிடந்தது. கண்டக்டர் விசிலை ஊதினார்.

“எறங்குங்க ரெண்டு பேரும். ஓய் டிரைவரே, நிப்பாட்டும்வே! அம்மையும் மகளும் இப்படியா அடிச்சுக்கிடுவாவ? கலிகாலம்!”

மூன்றடைப்பு விலக்கில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தார் ரோடு கொதித்தது. அக்கா குடையை விரித்தாள். எனக்குக் குடை பழக்கம் இல்லை. அவள் போனை எடுத்து, என் கழுத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, இரண்டு முகத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“பாருட்டி. அந்தாளு சொன்னதுல என்ன தப்பு?”

பார்த்தேன். படத்தில் என் அக்கா இருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவி இருந்தாள். தோல் கறுத்து, கண்ணைச் சுற்றி வெடித்து, வாயோரம் இரண்டு வாய்க்கால் ஓடி, கழுத்து தொங்கிப்போன ஒரு கிழவி.

இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். என் முகம் அப்படி ஆனது எனக்குத் தெரியாது. நாங்கள் பிறந்த வீட்டில் கண்ணாடி இருந்ததில்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவள் எனக்குப் பொட்டு வைப்பாள், நான் அவளுக்கு வைப்பேன். என் வகிடு கோணலா என்று அவள்தான் பார்த்துச் சொல்வாள், என் முகம் எப்படி என்று தெரிய அவள் முகத்தைப் பார்த்தால் போதும். கல்யாணத்துக்குப் பிறகும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் வீட்டில் ரசம் போன ஒரு கண்ணாடி ஆணியில் தொங்கும், அதில் நெற்றி மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் சுவருக்கு மேலே அவள் முகத்தைப் பார்ப்பேன். நாம் இப்படித்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். ஐம்பது வயதுக்குப் பரவாயில்லையே என்றுகூட நினைத்திருக்கிறேன். கோட்டித்தனம்தான், வேறென்ன சொல்ல?

படத்தை அவள் விரலால் பெரிதாக்கினாள். வலது கண்ணுக்குக் கீழே, இமையை ஒட்டி, மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒன்று இருந்தது.

“இது என்னது?”

“கறை. வாழைக்கறை.”

“கறையிலயா ரத்தம் கசியும்?”

“தேச்சுக் குளிச்சேன், கசியுது. ஒனக்கென்ன?” என்று சொல்லிவிட்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். அவள் குடையோடு பின்னாலேயே வந்தாள்.

வாழைக்கறை என்றால் என்னவென்று வாழை வைத்தவர்களுக்குத்தான் தெரியும். தாரை வெட்டினால் தண்ணீர் போலப் பீச்சும், காய்ந்தால் கறுப்பு. துணியில் பட்டால் துணி கிழியும் வரை போகாது. என் வீட்டுக்காரர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய பழைய சட்டைகளைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டுதான் நான் இன்னமும் தார் வெட்டுகிறேன். அந்தச் சட்டைகளில் இப்போது என்ன நிறம் என்று கேட்டால் கறை நிறம் என்றுதான் சொல்லவேண்டும். தோலில் பட்டால் நாலைந்து நாளில் தானே போய்விடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத்தான் நாள் தவறாமல் புதுக்கறை படுகிறதே. பழையது போய்ப் புதியது வந்ததா, பழையதே இருக்கிறதா என்று யார் கணக்குப் பார்த்தார்கள்? இரண்டு வருடமாக விரலில் தட்டுப்பட்ட அந்தப் பொட்டைக் கறை என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் தோட்டம் சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கால்வாயை ஒட்டி இருக்கிறது. அப்பா வைத்தது. நாங்கள் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டபோது அக்காவுக்கு இழுப்பு வந்தது. மூச்சு விசில் அடிக்கும். அப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். “இழுப்புக்காரி நெழல்ல இருக்கட்டும். நீ வா.” அவ்வளவுதான். அன்றைக்கு அவள் பீடி சுற்றும் சுளகை மடியில் வைத்தாள், நான் மண்வெட்டியைத் தூக்கினேன். இன்று வரை அப்படித்தான்.

வாழைத் தோட்டம் என்றால் நிழல்தானே என்று கேட்பார்கள். கேட்பவர்களை நட்ட நடு வயலில் நிற்க வைக்கவேண்டும். கன்று நட்டு ஆறு மாதத்துக்கு நிழல் ஏது? இலை பெரிதாகும்போது மேல்காற்று அடித்து நார் நாராகக் கிழித்துப் போட்டுவிடும். இரண்டு வருடம் வாழை போட்டால் அடுத்து நெல். நெல்லில் குனிந்து நின்றால் மேலே இருக்கும் வெயில் முதுகுக்கு, தண்ணீரில் பட்டுக் கீழிருந்து வரும் வெயில் முகத்துக்கு. தலையில் எத்தனை துண்டு கட்டினாலும் அந்தக் கீழ் வெயிலை மறைக்க முடியாது. சாயங்காலம் கண் எரியும், கன்னம் எரியும். ஆற்றில் முங்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பேன்.

எங்கள் சண்டையெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “ஒனக்கும் சேத்து நாந்தானட்டி வெயில்ல காயுதேன்” என்பேன் நான். “ஒனக்கும் சேத்து நான் பொகையிலத் தூளத் திங்கேன்” என்பாள் அவள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நிழலில் உட்கார்ந்து புகையிலையைச் சுற்றியே அவள் இழுப்பு இரண்டு மடங்கு ஆயிற்று. ஆனால் நான் சொன்னதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. முப்பத்தேழு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமாட்டி என்று சொல்லியிருந்தால் நான் பாதி அடியை அடித்திருக்கமாட்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்த மறுநாளே கறையை ஒழித்துக்கட்டுவது என்று இறங்கினேன். கிழவி முகத்தில் கறை வேறு எதற்கு? எலுமிச்சம்பழத்தை வெட்டி, உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். தேய்த்துவிட்டு அதே முகத்தோடு வெயிலில் இறங்கினேன். சாயங்காலம் கன்னம் தீயாய்க் காந்தியது. அடுத்து மண்ணெண்ணெய். அதற்கடுத்து தேங்காய் நார். ரத்தம் வந்தது, காய்ந்து பொருக்கு கட்டியது, பொருக்கு விழுந்ததும் கறுப்பு மறுபடியும் அங்கேயே இருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது. எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. சவம், நீயா நானா என்று இலை அறுக்கும் கத்தியை எடுத்து, ரசம் போன கண்ணாடியை ஆணியிலிருந்து இறக்கி, கன்னம் தெரியும்படி சாய்த்து வைத்து, சுரண்டி எடுத்தேன். கத்தி கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. பிடிவாதத்தில் வலிகூடத் தெரியவில்லை. ரத்தம் தாடை வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது.

சுவருக்கு மேலே பார்த்த அக்கா “ஏ யம்மா!” என்று அலறினாள்.

அவள் இழுப்புக்கு மருந்து வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போகிறவள். அந்த வாரம் போனபோது போனில் இருந்த படத்தை ஒரு தோல் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே என் அடுப்படிக்குள் வந்தாள்.

“ஏட்டி, அது கறை இல்ல. அரிச்சுக்கிட்டே போற புண்ணு போல தெரியுதாம். ஆளக் கொல்லுத வகை இல்லியாம், ஆனா கண்ணுக்குள்ள எறங்கிருமாம். லேட்டானா கண்ணையே எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. கெளம்பு.”

“படத்தப் பாத்து வைத்தியம் சொல்லுதவ என்ன டாக்டரு? ஏத்தன் தார் வெட்டுக்கு நிக்கி. வைகாசி முழுக்கக் கல்யாணத்துக்கு எலை கேட்டிருக்காவ. ஆடியில பாப்போம்.”

“கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ணப் போறியா?”

“நீ போய்ப் பீடியச் சுத்து.”

கண் என்றதும் பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வாயில் வரும். அவளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பத்து நாள் இப்படியே போயிற்று. அவள் காலையில் கேட்பாள், நான் ஏசுவேன்.

பதினோராம் நாள் நண்பகலில் நான் கால்வாய்க் கரையில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குள் சத்தம் கேட்டது. வாழை சாய்கிற சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். முதலில் சதக் என்று ஒரு வெட்டு. பிறகு சரசரவென்று இலையெல்லாம் உரசிக்கொண்டு இறங்கி, தொம் என்று தரையில் மோதும். ஒன்று விழுந்தது. காற்றே இல்லையே என்று நினைத்தேன். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழும்போது ஓட ஆரம்பித்தேன்.

என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணி இல்லை, குடை இல்லை. முப்பத்தேழு வருடத்தில் அந்தத் தோட்டத்து உச்சி வெயிலில் அவள் நின்று நான் பார்த்ததில்லை. கையில் என் அரிவாள். இன்னும் இருபது நாளில் வெட்டவேண்டிய தார்களோடு நின்ற ஏத்தன் வாழைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெட்டு, ஒரு விசில் மூச்சு. மறுபடி ஒரு வெட்டு. கறை அவள் மேல் பீச்சி அடித்தது, சேலையெல்லாம் நனைந்திருந்தது.

“ஏ நாசமாப் போறவளே! என்னட்டி செய்யுத?”

“நீ வாரேன்னு சொல்லுத வரைக்கும் வெட்டுவேன்.” அடுத்த வாழையில் அரிவாள் இறங்கியது. “இதுக்காகத்தான வர மாட்டேங்குத? இது இருந்தாத்தான?”

பக்கத்தில் கிடந்த காய்ந்த மட்டையை எடுத்தேன். அவள் முதுகில் அடித்தேன். அவள் திரும்பவில்லை, இன்னொரு வாழையை வெட்டினாள். மறுபடி அடித்தேன். மட்டை ஒடிந்தது. முடியைப் பிடித்து இழுத்தேன், அவள் முழங்கையால் என் நெஞ்சில் இடித்தாள். அரிவாளை அவள் கையிலிருந்து பிடுங்கி வீசுவதற்குள் என் உள்ளங்கை கிழிந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு வாய்க்காலுக்குள் விழுந்தோம். சேற்றுக்குள் அவள் மேல் உட்கார்ந்து நான் அறைந்தேன். அழுதுகொண்டே அறைந்தேன். பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல நான் பார்த்த வாழைகள். அவளைக் கொன்றுவிட வேண்டும் என்றே அப்போது தோன்றியது. பொய் சொல்லக் கூடாது.

திடீரென்று அவள் திருப்பி அடிப்பதை நிறுத்தினாள். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பிய்த்து, மூச்சு மருந்துப் பம்ப்பை எடுத்து, வாயில் வைத்து அழுத்தினேன். ஒரு தடவை. இரண்டு தடவை. “இழுட்டி, இழு, மூதி, இழு” என்று கத்தினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பதினாலு வாழைகள் விழுந்து கிடந்தன.

நெடுநேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். அவள் வலது கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டுக் கறை காய்ந்து கறுத்திருந்தது. எனக்கு இருந்த அதே இடத்தில். நான் அதையே பார்ப்பதைப் பார்த்து, தடவிப் பார்த்தாள்.

“இப்ப ரெண்டு பேரும் ஒண்ணு போல இருக்கமா?” என்று கேட்டாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எட்டு நாள் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும், நான் பாத்திரத்தை வேண்டுமென்றே போட்டு உடைப்பேன்.

ஒன்பதாம் நாள் காலையில் தெருக்குழாயில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிர்ந்தபோது வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கன்னம் சுத்தமாக இருந்தது. கறை இல்லை. அடையாளம்கூட இல்லை. அவள் எலுமிச்சம்பழம் தேய்க்கவில்லை, கத்தி எடுக்கவில்லை. எட்டு நாளில் அது பாட்டுக்குப் போய்விட்டது. என் கை தானாக என் கன்னத்துக்குப் போயிற்று. அங்கே பொருக்கு இருந்தது. விரலில் ஈரம் பட்டது.

பதினாலு வாழையைச் சாய்த்தும் அவளால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தச் சுத்தமான கன்னம் புரியவைத்துவிட்டது. நேரே போய் அவள் குடத்துக்கு முன்னால் நின்றேன்.

“கூட்டிட்டுப் போ.”

அவள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

பாளையங்கோட்டையில் அந்தத் தோல் டாக்டர் சின்னப் பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். விளக்கு வைத்த ஒரு கண்ணாடியால் என் கன்னத்தைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் நின்றதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். கத்தியால் சுரண்டியதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதையை எடுத்து, சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்துப் போனோம். அக்கா படத்தைக் காட்டியபோது அவர் சந்தேகப்பட்டது சரிதான். தோல் புற்று. வேறு இடத்துக்குப் பரவாமல், இருக்கும் இடத்தையே தின்றுகொண்டு போகும் வகை. இமைக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

“எனக்கு மட்டும் ஏன்? இவளுக்கும் எனக்கும் ஒரே ரத்தம்தான?” என்று கேட்டேன். கேள்வி கோபமாகத்தான் வந்தது.

டாக்டர் எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இரட்டையர் என்று அக்கா சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“வாழப்பூவ ஆஞ்சு சும்மா வச்சா என்னம்மா ஆவும்?”

“கறுத்துப் போவும். மோர்த்தண்ணியில போடணும்” என்றாள் அக்கா.

“காத்துல இருக்க ஆக்சிஜன் பட்டுத்தான் அது கறுக்கு. ஒங்க தோலுக்குள்ளயும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்திருக்கு. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒண்ணு உண்டு. அது தோலுக்குள்ள எறங்கி, அங்கன இருக்க ஆக்சிஜனுக்கு வெறி புடிக்க வச்சிரும். வெறி புடிச்சா என்ன செய்யும்? பக்கத்துல இருக்க எல்லாத்தையும் கடிக்கும். தோல இழுத்துக் கட்டியிருக்க நாரக் கடிச்சா, தோல் தொங்கும், சுருங்கும். உயிரணுவுக்குள்ள போய்க் கடிச்சா, அந்தக் கதிர் ஏற்கெனவே பண்ணுன சேதத்தோட இதுவும் சேந்து, இந்த மாதிரிப் புண்ணு வரும். ஒடம்புலயும் மோர் மாதிரி காவல் இருக்கு. கொஞ்ச வெயில அது தாங்கிரும். முப்பத்தேழு வருச வெயிலுக்கு எங்கன காணும்?”

அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயராம். டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். நான் அந்தக் காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடுகிற காற்றே உள்ளே நாயாக நின்று கடித்திருக்கிறது. நான் ஊரில் இருப்பவர்களையெல்லாம் அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“அப்ப இவளப் பொறந்த அன்னைக்கே மோர்ல முக்கியிருக்கணும்” என்றாள் அக்கா. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புண்ணைச் சுற்றி வெட்டி எடுக்கவேண்டும் என்றும், கண்ணுக்குப் பக்கம் என்பதால் தையல் போட்டால் இமை இழுத்துக்கொள்ளும், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, அக்கா எழுந்து தன் கன்னத்தை நீட்டினாள்.

“எங்கிட்ட எடுங்க. இந்தா, இங்கன. அவளுக்கு இருந்த மொகம்தான் இது.”

“சும்மா இருட்டி” என்றேன்.

“நீ வாய மூடு. டாக்டரம்மா, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன், வெட்டுங்க.” மேசையைத் தட்டினாள். அங்கிருந்த நர்ஸ் அவளைப் பிடித்து உட்கார வைக்கவேண்டியதாயிற்று.

“ஒரே கருவுல பொறந்த இரட்டைன்னா ஒங்க தோல் ஒட்டும்தான்” என்றார் டாக்டர் பைய. “ஆனா தேவையே இல்ல. இவங்ககிட்டயே இருக்கு.” என்னைப் பார்த்து, “சட்டையக் கழத்திட்டு வலது கையத் தூக்குங்கம்மா” என்றார்.

தோட்டத்திலிருந்து அப்படியே வந்ததால் மேலே கிடந்த வீட்டுக்காரரின் சட்டையைக் கழற்றினேன். ஜாக்கெட் கையை அக்குள் வரை ஏற்றிக் கையைத் தூக்கினேன். முழங்கைக்கு மேலே, உட்பக்கம், நான் எந்தக் காலத்தில் அந்த இடத்தைப் பார்த்தேன்? ஆற்றில் குளிக்கும்போதுகூடப் பார்த்ததில்லை. மெல்லிசாக, சுருக்கமே இல்லாமல், மாநிறத்தில், நரம்பு பச்சையாகத் தெரிகிற தோல். வெளிப்பக்கத்துக் கையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்கா தன் கையை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஒன்று. கோடு போட்டால்கூடப் பிரிக்க முடியாது.

என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். டாக்டர் பயந்து எழுந்துவிட்டார்.

“இம்புட்டு வருசமா இங்கன ஒளிச்சு வச்சிருந்தியாக்கும், மூதி!” என்று கத்திவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் அவளை அழவிட்டேன்.

ஆபரேஷனில் புண்ணை முழுசாக எடுத்துவிட்டார்கள், ஓரத்தில் எதுவும் மிச்சம் இல்லை என்று பிறகு சோதனையில் வந்தது. கண் பிழைத்தது. கன்னத்தில் இப்போது ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஒட்டு இருக்கிறது. அந்த இடம் மட்டும் என் அக்காவின் நிறம். தொட்டால் எனக்குத் தெரியாது, இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அகல விளிம்புத் தொப்பி இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்கினால் அவள் கம்பை எடுத்துக்கொண்டு வருகிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த வெயில் கிரீமைக் காலையில் சுவருக்கு மேலே எட்டி, என் மூஞ்சியில் அப்பிவிடுவதும் அவள்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது தையல் பிரித்த நாளைப் பற்றி. பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். எனக்குக் கன்னத்தில் ஒரு கட்டு, வலது கையில் ஒரு கட்டு. எதிர்ச் சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, பாவம் பார்த்த குரலில் அக்காவிடம் கேட்டாள்.

“அம்மைக்குக் கண்ணு ஆபரேசனா தாயி?”

என் கை பையைத் தேடியது. அதில் தேங்காய் இல்லை, மாத்திரைதான் இருந்தது. நான் அந்தப் பூக்காரியைப் பார்க்கவில்லை. என் அக்கா சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரித்தால் இன்றைக்கு ஒரு பல்லாவது விழும் என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டுப் போடாத என் இடது கையைப் பற்றித் தூக்கினாள். ஜாக்கெட் கையை அக்குள் வரை தள்ளி, உட்பக்கத்தைப் பூக்காரிக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் திருப்பிக் காட்டினாள்.

“அம்மை இல்ல. இவ எந் தங்கச்சி, என்னவிட ஏழு நிமிசம் எளையவ. நல்லாப் பாத்துக்கிடுங்க, இவ வயசு இங்கன இருக்கு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “மொகத்துல இருக்கது வெயிலு. எனக்கும் சேத்து இவ வாங்குன வெயிலு.”

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நான் அவளை அடித்திருக்கிறேன். அன்றைக்குக் கையை இறக்கவில்லை. மேலப்பாளையம் தாண்டி, கண்டக்டர் டிக்கெட் கேட்டு வரும் வரைக்கும் அப்படியே தூக்கி வைத்திருந்தேன்.